ஜப்பானிய ராணுவ வாள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1945-இல் போர் முடிந்து ஊர் திரும்பிய ஆஸ்திரேலியச் சிப்பாய்களில் பலர், பெட்டியோடு ஒரு ஜப்பானிய வாளையும் கொண்டுவந்தார்கள். நியூகினி, போர்னியோ, பூகன்வில் என்று அவர்கள் போரிட்ட இடங்களிலிருந்து வந்த வாள்கள் அவை. அந்தத் தலைமுறை இப்போது அநேகமாக இல்லை. பேரப்பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து, பரணிலிருந்து வாள்கள் வெளியே வருகின்றன. மெல்பர்னில் இருந்துகொண்டு நான் பதினைந்து வருடமாக இந்த வாள்களைப் படித்துவருகிறேன், கொஞ்சம் சேகரிக்கவும் செய்கிறேன். தமிழ் நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் அடிக்கடி கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் கைக்கு ஒரு வாள் வந்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்ய வேண்டாம். துடைக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், தீட்ட வேண்டாம். உப்புத்தாளும் பித்தளை பாலிஷும் வாளின் பக்கமே வரக்கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர் தன் மாமனார் கொண்டுவந்த வாளை என்னிடம் காட்டினார். அலகு சுமாராக இருந்தது. கைப்பிடியைக் கழற்றினால், உள்ளே இருக்கும் காம்பு வெள்ளிக் கரண்டி மாதிரி பளபளத்தது. "ரொம்பத் துருவா இருந்தது, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தேய்ச்சேன்" என்றார் பெருமையாக. கையொப்பம் இருந்த இடத்தில் இரண்டு மூன்று கீறல்கள்தான் மிச்சம். அந்தத் துருவின் நிறம்தான் வாளின் வயதைச் சொல்லியிருக்கும், அந்த எழுத்துதான் செய்தவரின் பெயரைச் சொல்லியிருக்கும். இரண்டும் ஒரே நாளில் போய்விட்டன. இனி எந்த நிபுணராலும் அவற்றை மீட்க முடியாது.

அருவாளின் மரப்பிடிக்குள் காம்பு போகிறதே, அதே போலத்தான் இந்த வாளுக்கும். ஜப்பானிய மொழியில் அதற்கு நக்காகோ என்று பெயர். வாளை அடையாளம் காணும் வேலையில் முக்கால்வாசி அந்த ஏழெட்டு அங்குலத் துருப்பிடித்த இரும்பில்தான் நடக்கிறது.

ராணுவ வாளும் சாமுராய் வாளும் ஒன்றா?

ஒன்றாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அலகு வேறு, அதற்குப் போட்ட உடை வேறு என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். உறை, கைப்பிடி, கைக்காப்பு எல்லாம் உடை. அந்த உடை ராணுவ விதிப்படி இருந்தால் அது குன்தோ, அதாவது ராணுவ வாள். உள்ளே இருக்கும் அலகு 1943-இல் தொழிற்சாலையில் வந்ததாக இருக்கலாம், நானூறு வருடம் பழையதாகவும் இருக்கலாம்.

1876-இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடைசெய்தது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் மட்டும் விலக்கு. அப்போது ராணுவம் ஐரோப்பிய மோகத்தில் இருந்த காலம். அதனால் அதிகாரிகளின் வாளும் விரல்களை மூடும் வளைந்த காப்போடு, பிரெஞ்சு, ஜெர்மன் குதிரைப்படை வாள் போல ஆனது. இவை கியூ-குன்தோ, பழைய ராணுவ வாள்கள். 1930-களில் தேசிய உணர்வு உச்சத்துக்குப் போனபோது பழைய 'தாச்சி' பாணிக்குத் திரும்பினார்கள். துணி நாடா சுற்றிய நீண்ட கைப்பிடி, வட்டமான கைக்காப்பு, இடுப்பிலிருந்து தொங்கும் உறை. இவை ஷின்-குன்தோ, புதிய ராணுவ வாள்கள். இன்று வெளியே வருபவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைதான்.

94, 95, 98 என்று எண்கள் சொல்கிறார்களே, அவை என்ன?

அப்போது ஜப்பான் தன் முதல் பேரரசரிலிருந்து தொடங்கும் ஓர் ஆண்டுக்கணக்கையும் வைத்திருந்தது. நம் ஆண்டோடு 660 கூட்டினால் அது கிடைக்கும். 1934 என்றால் 2594. அதன் கடைசி இரண்டு இலக்கம்தான் 94. அதேபோல 95 என்றால் 1935, 98 என்றால் 1938.

இந்தக் கணக்கு பழைய வகைகளுக்குப் பொருந்தாது. 32-ஆம் வகை வாளில் வரும் 32, மெய்ஜி பேரரசரின் 32-ஆம் ஆண்டு, அதாவது 1899. அதை 1972 என்று கணக்குப் போட்டு, "போருக்கு அப்புறம் செய்ததா?" என்று ஒருவர் என்னிடம் கவலையோடு கேட்டதுண்டு.

உறையைப் பார்த்தே வகையைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். தரைப்படை அதிகாரிகளின் 94-ஆம் வகையில் உறை உலோகத்தால் ஆனது, தொங்கவிட இரண்டு வளையங்கள் உண்டு. கீழே இருப்பதைக் கழற்றலாம். 98-ஆம் வகை கிட்டத்தட்ட அதே வாள்தான், ஆனால் வளையம் ஒன்றே ஒன்று. கைக்காப்பிலும் பிடியின் தலைப்பிலும் செர்ரிப்பூ அலங்காரம் இருக்கும். பிடிக்கு வெள்ளைத் திருக்கைத் தோல் ஒட்டி, அதன்மேல் பழுப்பு நாடா சுற்றியிருப்பார்கள். சொரசொரப்பான அந்தத் தோல் கையில் வழுக்காது, நாடாவும் நழுவாது. போர்க்களத்துக்குப் போன வாள்களில் மர உறைக்குத் தோல் மேலுறை தைத்திருப்பார்கள்.

கடற்படை வாள் பார்த்தவுடன் தெரியும். 1937-இல் வந்த வகை அது. பிடியின் திருக்கைத் தோல் கறுப்பு, உறையும் பெரும்பாலும் கறுப்பு அல்லது மெருகேற்றிய திருக்கைத் தோல், வளையம் இரண்டு. கைக்காப்பை ஒட்டி சூரியக்கதிர் போலக் கோடுகள் வெட்டிய பெரிய தகடு இருக்கும்.

1943-க்குப் பிறகு பித்தளைக்கும் தாமிரத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. அப்போது வந்த வாள்களில் அலங்காரம் ஏறக்குறைய இல்லை. இரும்புக் கைக்காப்பு, அரக்கு பூசிய நாடா, பிடியில் ஒன்றுக்கு இரண்டு ஆணி. பார்வைக்குச் சாதாரணமாக இருப்பதால் பலர் இவற்றை மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு இந்த வகைமேல் தனி மதிப்பு உண்டு. பூவேலைக்குச் செலவிட வேண்டியதைப் பிடியின் உறுதிக்குச் செலவிட்டிருக்கிறார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். அதிகாரிகள் தங்கள் வாளைச் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதிகாரிகள் சங்கக் கடையில் ஒருவர் மலிவாக வாங்கியிருப்பார், இன்னொருவர் பேர்பெற்ற கொல்லரிடம் செய்யச் சொல்லியிருப்பார், மூன்றாமவர் பாட்டனாரின் வாளுக்கு ராணுவ உடை மாட்டியிருப்பார். அதனால் அதிகாரி வாள்களில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

என் வாளில் அலகின்மேலேயே ஓர் எண் வெட்டியிருக்கிறது. அது என்ன?

அது சார்ஜென்ட் நிலை வீரர்களுக்கு அரசு கொடுத்த 95-ஆம் வகை. இயந்திரத்தில் செய்தது. அலகின் இரு பக்கமும் நீளவாக்கில் பள்ளம் ஓடும், கைக்காப்புக்குப் பக்கத்தில் வரிசை எண் இருக்கும், உறையின் வாயிலும் அதே எண் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் மதிப்பு கூடும். கைப்பிடி மரமும் நாடாவும் இல்லை, உலோக வார்ப்பு. முதலில் தாமிரத்தில் வந்தது, அப்புறம் அலுமினியத்தில் வார்த்து நாடா சுற்றியது போல வண்ணம் தீட்டினார்கள். போர்க் கடைசியில் வெறும் மரப்பிடி.

இதில் கையொப்பம் தேட வேண்டாம், இருக்காது. பள்ளத்தைப் பலர் 'ரத்தம் வடிய' என்பார்கள். அதுவும் தவறு. எடையைக் குறைக்கவும் அலகு வளையாமல் இருக்கவும்தான் பள்ளம்.

கைப்பிடியை எப்படிக் கழற்றுவது?

அதிகாரி வாளில் மட்டும் இதைச் செய்யலாம். பிடியில் நாடாவின் நடுவே ஒரு சின்ன மூங்கில் ஆணியின் தலை தெரியும். அது மெகுகி. ஒரு பக்கம் சற்றுச் சிறியதாக இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து மரக்குச்சியாலோ பித்தளைக் குச்சியாலோ மெதுவாகத் தட்டினால் மறுபக்கம் வெளியே வரும்.

ஆணி வந்த பிறகு வாளை உறையிலிருந்து உருவுங்கள். இடது கையால் பிடியின் அடியைப் பிடித்து, அலகு மேல்நோக்கி, கூர் உங்களைப் பார்க்காமல், உடம்புக்கு முன்னால் லேசாகச் சாய்த்து நிறுத்துங்கள். வலது கையை மூடி, இடது மணிக்கட்டின்மேல் ஒரு குத்து. பிடிக்குள் அலகு 'டக்' என்று துள்ளும். இன்னும் இரண்டு மூன்று குத்தில் தளர்ந்துவிடும். அப்புறம் கழுத்தில் இருக்கும் செம்பு வளையத்துக்கு மேலே துணியால் பிடித்துத் தூக்குங்கள்.

வரவில்லையா? சுத்தியல் எடுக்காதீர்கள். எண்பது வருடமாக ஒட்டிக்கிடக்கும் பிடி ஒரே நாளில் வர வேண்டும் என்று இல்லை. அனுபவம் உள்ளவரிடம் கொண்டுபோங்கள். கழற்றும்போது நடுவில் எத்தனை தகடு, எந்த வரிசையில் இருந்தது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் சின்னதாக எண் குத்தியிருக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே எண் என்றால் வாள் பிரியாமல் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

காம்பில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடியுங்கள். ஒரு பக்கம் உளியால் வெட்டிய எழுத்துகள் மேலிருந்து கீழாக ஓடும். அது கொல்லரின் கையொப்பம். ஜப்பானிய மொழியில் அதற்கு 'மெய்' என்று பெயர். நம் காதுக்கு அந்தச் சொல் வேறு நம்பிக்கையைத் தரும், ஆனால் எல்லா மெய்யும் மெய் இல்லை. பழைய பெரிய கொல்லர்களின் பெயரைப் பிற்காலத்தவர் வெட்டுவது நூற்றாண்டுகளாக நடந்திருக்கிறது. எடோ காலத்து, அதாவது 17-ஆம் நூற்றாண்டுக் கொல்லர் கொதெட்சுவின் பெயரைப் போல இந்த விதத்தில் சீரழிந்த பெயர் குறைவு.

கையொப்பத்துக்கு மேலே சிறிய முத்திரை இருக்கிறதா பாருங்கள். கிஃபு மாகாணத்துச் செக்கி நகரம்தான் போர்க்கால வாள் உற்பத்தியின் மையம். அங்கே தொழிற்சாலை முறையில் செய்து சோதித்த வாள்களில் 'ஷோவா' (அப்போதைய பேரரசர் ஹிரோஹிதோவின் ஆட்சிக்காலப் பெயர்) என்ற சொல்லின் முதல் எழுத்தையோ, 'செக்கி' என்ற எழுத்தையோ குத்தினார்கள். ஒரு சின்ன நட்சத்திரம் இருந்தால் உங்கள் முகம் மலரலாம். தரைப்படை அங்கீகரித்த கொல்லர்களின் முத்திரை அது. அவர்கள் பெரும்பாலும் மரபு முறைப்படி அடித்தவர்கள். வட்டத்துக்குள் நங்கூரம் என்றால் டொயோகாவா கடற்படைத் தொழிற்சாலை.

வெள்ளையிலோ சிவப்பிலோ தூரிகையால் எழுதிய எண்ணும் சில காம்புகளில் உண்டு. பட்டறையில் அலகையும் பிடியையும் உறையையும் சேர்க்கப் போட்ட எண் அது. துடைத்தால் போய்விடும், விட்டுவிடுங்கள்.

எழுத்தைப் பதிவுசெய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. மெல்லிய காகிதத்தைக் காம்பின்மேல் அசையாமல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். சின்ன வயதில் நாணயத்தின்மேல் காகிதம் வைத்துத் தேய்த்திருப்போமே, அதேதான். புகைப்படத்தில் தெரியாத கீறல்கூட இதில் தெரியும்.

ஜப்பானிய எழுத்து தெரியாது. தேதியை எப்படிப் படிப்பது?

தொடங்க இந்தச் சில வடிவங்கள் போதும். ஒன்று என்பது ஒரு படுக்கைக் கோடு. இரண்டு, மூன்று என்றால் அத்தனை கோடுகள். பத்து என்பது கூட்டல் குறி. எட்டு என்பது மேலே நெருங்கி, கீழே விலகி நிற்கும் இரண்டு சாய்வுக் கோடு.

கையொப்பத்தின் மறுபக்கம் தேதி இருக்கும். முதல் இரண்டு எழுத்து 'ஷோவா'. அதற்குக் கீழே கூட்டல் குறி, அதன்கீழ் விலகி நிற்கும் இரண்டு கோடு இருந்தால் பதினெட்டு. ஷோவா ஆண்டோடு 1925 கூட்டுங்கள், 1943. சரி, வேலை முடிந்தது.

தேதியே இல்லாத வாள்களும் ஏராளம். அதைக் குறையாக எடுக்க வேண்டாம்.

கையால் அடித்த வாளா, தொழிற்சாலை வாளா என்று எப்படித் தெரியும்?

சேகரிப்பவர்களை வாழ்நாள் முழுக்கத் துரத்துகிற கேள்வி இது.

மரபுக் கொல்லர் மணலிரும்பை மரக்கரியோடு உருக்கி எடுத்த தாமாஹகானே எஃகை மடித்து மடித்து அடிப்பார். அலகின்மேல் களிமண் பூசுவார். முதுகில் கனமாக, கூரில் மெல்லியதாக. அப்புறம் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ச்சல் கொடுப்பார். மெல்லிய பூச்சு உள்ள கூர்ப்பகுதி சட்டென்று ஆறிக் கடினமாகும், முதுகு மெதுவாக ஆறி வளைந்து கொடுக்கும் தன்மையோடு இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அலை போல ஒரு வெள்ளைக் கோடு உருவாகும். அதுதான் ஹாமோன்.

நல்ல ஹாமோனை ஒரே ஒரு விளக்கின் கீழே பாருங்கள். அலகைக் கண்ணுக்கு நேரே நீட்டி, விளக்கொளி வழுக்கிக்கொண்டு போகும்படி மெதுவாகச் சாயுங்கள். கோட்டின் விளிம்பில் பனிமூட்டம் போலவோ, இரவு வானத்தில் தூவிய பொடிநட்சத்திரம் போலவோ நுண்ணிய துகள்கள் மின்னும். அதற்கு மேலே இரும்பில் மரத்தின் ரேகை போல மடிப்பின் வரிகள் தெரியும். முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் பேச்சு வராமல் நின்றேன். இரும்புக்குள் இப்படி ஓர் ஆழம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

போர்க்காலத் தொழிற்சாலை அலகுகள், ஷோவா-தோ, வேறு மாதிரி. ஆலை எஃகு, எண்ணெயில் தோய்ச்சல். எண்ணெயில் ஆறினால் அந்த மின்னும் துகள் வராது. ஹாமோன் அச்சில் போட்டது போல ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும், மடிப்பு ரேகை தெரியாது. ஷோவா முத்திரை இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான்.

போருக்கு நடுவிலும் மரபு முறையில் அடித்தவர்கள் உண்டு. அந்த வாள்களைக் கெண்டாய்-தோ என்கிறார்கள். டோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்தில் 1933-இல் தொடங்கிய பட்டறையில் 1945 வரை ஏறத்தாழ 8,100 வாள்கள் அடித்தார்கள். அங்கே இருந்த கொல்லர்களின் பெயர் எல்லாம் 'யாசு' என்று தொடங்கும். அந்தப் பட்டறைக்கு எஃகு வேண்டும் என்பதற்காகவே ஷிமானே மாகாணத்தில் மணலிரும்பை உருக்கும் பழைய தாதாரா உலையை மறுபடி மூட்டினார்கள். கோபே நகரத்தின் மினாதோகாவா ஆலயத்திலும் ஒரு பட்டறை இருந்தது. அங்கே அடித்த வாளின் காம்பில் தண்ணீர்மேல் மிதக்கும் சாமந்திப்பூச் சின்னம் இருக்கும். பெரும்பாலும் கடற்படை அதிகாரிகளுக்குப் போனவை.

இரண்டுக்கும் நடுவே மஞ்சூரிய ரயில்வே வாள்கள் இருக்கின்றன. மஞ்சூரியா என்பது அப்போது ஜப்பான் பிடித்துவைத்திருந்த வடகிழக்குச் சீனம். தெற்கு மஞ்சூரிய ரயில்வே, தாலியன் நகரத் தொழிற்சாலையில் கடினமான எஃகுக் குழாய்க்குள் மென்மையான இரும்பை நுழைத்து அடித்தது. கடும் குளிரில் வாள் ஒடியக்கூடாது என்பது நோக்கம். காம்பில் 'கோஆ இஷ்ஷின்' என்று ஒரு வாசகம் இருக்கும். ஆசியா எழுச்சி பெறட்டும், ஒரே மனதோடு என்பது போலப் பொருள். அந்த எழுச்சி மஞ்சூரியாவுக்கு என்ன கொண்டுவந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த வாசகத்தைப் படிப்பது எளிதாக இருக்காது. மரபு வாள் இல்லை என்றாலும் வேலைப்பாடு மிக நேர்த்தி. சேகரிப்பவர்களிடம் இதற்கு நல்ல மதிப்பு உண்டு.

ராணுவ உறைக்குள் பழைய வாள் இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்ன?

காம்பில் ஆணித்துளை இரண்டு மூன்று இருந்தால் கவனியுங்கள். நீளமான பழைய வாளைக் குறைக்கும்போது காம்பை மேலே ஏற்றி, புதுத் துளை போடுவார்கள். கையொப்பம் பாதியில் வெட்டுப்பட்டிருப்பதும் அதனால்தான். ஆனால் 1943-க்குப் பிந்திய இரண்டு ஆணி வாளிலும் இரண்டு துளை இருக்கும் என்பதால் துளையை மட்டும் நம்பக்கூடாது.

துருவைப் பாருங்கள். ஷோவா காலத்துக் காம்பில் அரம் இழுத்த கோடுகள் நேற்றுப் போட்டவை போலக் கூர்மையாக இருக்கும், நிறம் சாம்பல் கலந்த பழுப்பு. முந்நூறு வருடக் காம்பு ஆழ்ந்த கருப்பழுப்பில், தொட்டால் வழவழப்பாக இருக்கும். ஓரங்கள் மழுங்கியிருக்கும். இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பத்து காம்பு பார்த்தால் தானாகப் புரியும்.

போலி வாள்கள் நிறைய வருகின்றனவா?

நிறைய. நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். சேகரிக்கத் தொடங்கிய இரண்டாம் வருடம், ஓர் ஏலத்தில் 'அதிகாரி வாள், போர்க்களத்திலிருந்து வந்தது' என்ற குறிப்போடு ஒன்று வந்தது. படங்களில் பிரமாதமாக இருந்தது. கைப்பிடியைக் கழற்றிய படம் கேட்டேன், "கழற்றினால் சேதமாகும்" என்று பதில் வந்தது. அதையும் நம்பினேன். வீட்டுக்கு வந்து கழற்றினால், காம்பின் துரு ஆரஞ்சு நிறத்தில் விரலில் ஒட்டியது. அமிலத்தில் ஊறவைத்து வரவழைத்த துரு. ஹாமோன் அமிலத்தால் அரித்த கோடு, விளக்கின் கீழே பிடித்தால் தட்டையாக, உயிரில்லாமல் இருந்தது. பணம் திரும்ப வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. அதிகாரி வாள் என்றால் காம்பைக் காட்டாதவரிடம் வாங்குவதில்லை.

வேறு அடையாளங்களும் உண்டு. பிடியில் நாடாச் சுற்று தளர்ந்து, முடிச்சுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கும். திருக்கைத் தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் இருக்கும். போர்க்காலத்திலும் செல்லுலாய்டு போட்டதுண்டு, ஆனால் அதன் தோற்றம் வேறு. அலகில் டிராகனும் வீரவசனமும் பெரிய எழுத்தில் பொறித்திருந்தால் பெரும்பாலும் போலி. பித்தளைப் பூக்கள் உருகிய மெழுகு போலக் கூர்மையில்லாமல் இருந்தால் அதுவும் சந்தேகம். 95-ஆம் வகைப் போலிகளில் வரிசை எண்ணின் எழுத்துருவே காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான ஒன்றின் படத்தைப் பக்கத்தில் வைத்து எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள்.

அலகில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் ரத்தக்கறையா?

துரு. விற்பவர்கள் கதை சொல்வார்கள், அந்தக் கதைக்கு விலை கொடுக்காதீர்கள்.

துருவை என்ன செய்வது? எப்படிப் பராமரிப்பது?

காம்பின் துருவைத் தொடவே கூடாது. அலகின் துருவை வீட்டில் தேய்க்கக் கூடாது. வாளுக்குச் சாணை பிடிப்பவர்கள் ஜப்பானில் பத்து வருடம் வரை குருவிடம் பயின்றவர்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்த நுண்ணிய கல்லுக்கு மாறி மாறி, வாரக்கணக்கில் செய்கிற வேலை அது. செலவு அதிகம். சாதாரண ஷோவா-தோவுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை, துரு பரவாமல் நிறுத்தினால் போதும்.

அதற்கு வேண்டியது மென்மையான காகிதமும் கிராம்பு வாசனையுள்ள ச்சோஜி எண்ணெயும். பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு மெல்லிய படலம் பூசுங்கள். வழிய விட வேண்டாம். கூரிலிருந்து விலகி, முதுகுப் பக்கத்திலிருந்து பிடித்துத் துடையுங்கள். வெறும் விரலால் அலகைத் தொடாதீர்கள், விரல் ரேகை அப்படியே துருவாகப் பதியும். கடலோர ஊர்க்காரர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. உறையைச் சுற்றித் தோல் பையில் வைத்தால் ஈரம் தங்கிவிடும்.

கைப்பிடியில் கட்டியிருக்கும் குஞ்சத்தின் நிறத்துக்குப் பொருள் உண்டா?

தரைப்படையில் உண்டு. பழுப்பும் நீலமும் என்றால் கேப்டன் வரையிலான அதிகாரி. பழுப்பும் சிவப்பும் என்றால் மேஜர் முதல் கர்னல் வரை. சிவப்போடு பொன்னிறமும் சேர்ந்தால் ஜெனரல். ஆனால் குஞ்சத்தை மாற்றிக் கட்டுவது ஒரு நிமிட வேலை. ஜெனரல் குஞ்சம் இருப்பதால் ஜெனரலின் வாள் ஆகிவிடாது. குடும்பச் சின்னம் வெள்ளியில் பிடித்தலையில் பதித்திருந்தால் அது இன்னும் நல்ல துப்பு.

ஜப்பானிலேயே இருந்த வாள்கள் என்ன ஆயின?

1945-இல் நேச நாட்டுப் படை நாடு முழுக்க ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது. ராணுவ வாளும் குலதெய்வம் போல வைத்திருந்த வாளும் ஒரே குவியலில் விழுந்தன. வாள் அறிஞர்கள் ஹொம்மா ஜுன்ஜியும் சாதோ கன்ஸானும், கர்னல் கேட்வெல் என்ற அமெரிக்க அதிகாரியிடம் இவற்றில் கலைப்பொருள்கள் இருக்கின்றன என்று எடுத்துச் சொன்னார்கள். அதனால் கலை வாள்களுக்கு விலக்கு கிடைத்தது. 1948-இல் ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் உருவானது.

டோக்கியோவின் அகாபானே கிடங்கில் குவித்திருந்தவற்றிலிருந்து ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாள்களைத் தேர்ந்தெடுத்து அருங்காட்சியகத்தில் சேர்த்தார்கள். உரிமையாளர் யாரென்று தெரியாமல் அரை நூற்றாண்டு கிடந்த அவற்றில் 3,209 வாள்களை 1999-இல் ஊர் ஊராக உள்ள பொது அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

எல்லாம் பிழைக்கவில்லை. எடோ காலத்தில் ஜப்பானை ஆண்ட தொகுகாவா குடும்பத்தின் புகழ்பெற்ற வாளான ஹொன்ஜோ மாசாமுனே, 1945 டிசம்பரில் மெஜிரோ போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, அடுத்த மாதம் அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்டது. அதன்பிறகு எங்கே என்று யாருக்கும் தெரியாது.

மலேசியாவிலிருந்து கேட்கிறேன். எங்கள் தாத்தா இந்த வாளைப் பார்த்தாலே நடுங்குவார். இதைப் போய்ச் சேகரிக்கலாமா?

இந்தக் கேள்வியை ஒருமுறை அல்ல, பலமுறை கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்களுக்குக் கோபம் இருக்கிறது, அது நியாயமானது. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில்பாதைக்கு இழுத்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. அவர்களுக்கு முன்னால் நின்ற அதிகாரியின் இடுப்பில் தொங்கியது இந்த வாள்தான். அழகான பொருள் என்று நான் எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1945 செப்டம்பர் 13 அன்று கோலாலம்பூர் விக்டோரியா கல்விநிலையத்தில் ஜப்பானியப் படை சரணடைந்தது. அதே நாளில் நியூகினியின் கேப் வோம் விமானத்தளத்தில் ஜெனரல் அதாச்சி ஆஸ்திரேலியர்களிடம் சரணடைந்தார். தென்கிழக்கு ஆசியத் தளபதி மவுண்ட்பேட்டன், அதிகாரிகள் தங்கள் வாளைத் தங்கள் கையாலேயே எல்லோர் முன்னிலையிலும் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். தோற்கவில்லை என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாது என்பது அவர் எண்ணம். இன்று உலகெங்கும் இருக்கும் வாள்களில் ஒரு பகுதி அப்படிக் கீழே வைக்கப்பட்டவை. நான் அவற்றை வைத்திருப்பது அந்தக் கணத்துக்காகவும்தான். வீட்டுக் கூடத்தில் மாட்டி அலங்காரம் செய்வதில்லை. வந்து பார்ப்பவர்களுக்கு வாளின் கதையோடு ரயில்பாதையின் கதையையும் சொல்கிறேன். உங்கள் தாத்தாவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால், அவர் சொல்வதுதான் சரி.

சட்டப்படி வைத்திருக்கலாமா?

நாட்டுக்கு நாடு மாறும், வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். நான் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் வாள் தடைசெய்யப்பட்ட ஆயுதம். அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் விலக்கு உண்டு, பூட்டிவைக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் உண்டு. இந்தியாவில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான கூர் ஆயுதங்கள் ஆயுதச் சட்ட விதிகளில் வருகின்றன, இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். பிரிட்டனில் 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வளைந்த வாள்களுக்குத் தடை, ஆனால் 1954-க்கு முன் செய்தவற்றுக்கும் மரபு முறையில் அடித்தவற்றுக்கும் விலக்கு.

வாளோடு ஒரு பெயர்ச்சீட்டும் இருக்கிறது. அந்தக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுக்க முடியுமா?

சரணடையும்போது சிலர் தங்கள் பெயரையும் ஊரையும் எழுதி மரச்சீட்டாகவோ துணிச்சீட்டாகவோ வாளில் கட்டினார்கள். என்றாவது திரும்ப வரும் என்ற நம்பிக்கை. அந்தச் சீட்டை அவிழ்க்காதீர்கள், நன்றாகப் படம் எடுத்து ஜப்பானிய மொழி தெரிந்தவரிடம் படிக்கச் சொல்லுங்கள்.

குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டாலும் வாளை நேராக அனுப்பிவிடாதீர்கள். ஜப்பானியச் சட்டப்படி மரபு முறையில் அடித்த கலை வாளை மட்டுமே பதிவுசெய்து வைத்திருக்கலாம். மாகாணக் கல்வி வாரியம் பார்த்துச் சான்று கொடுக்கும். தொழிற்சாலையில் செய்த ஷோவா-தோவுக்கு அந்தச் சான்று கிடைக்காது. சுங்கத்தில் பிடித்து அழித்துவிடுவார்கள். அதனால் முதலில் காம்பின் படத்தை அனுப்பி என்ன வகை என்று உறுதிசெய்யுங்கள். ஷோவா-தோவாக இருந்தால் அந்தப் பெயர்ச்சீட்டையும், காம்பிலிருந்து காகிதத்தில் தேய்த்தெடுத்த பதிவையும், வாளின் படங்களையும் அனுப்பலாம். அவற்றுக்குச் சுங்கத்தில் எந்தத் தடையும் இல்லை.